பெயர் ஒன்று, பிறப்பிடம் இரண்டு

கணிப்பொறிக்கு ஆணையிடும் முறைகள் இரண்டு. நிரல் முழுவதையும் எழுதி முடித்து, பின்பு ஒரேயடியாக இயக்கிப் பார்ப்பது ஒரு முறை. ஒரு வரியைத் தட்டச்சு செய்து, அதற்குரிய விடையை உடனே பெற்று, அந்த விடையைக் கொண்டு அடுத்த வரியை எழுதுவது மற்றொரு முறை. இரண்டாவது முறைக்கு இடந்தரும் அமைப்பை உரையாடல் சூழல் எனலாம். பைத்தான் மொழியைத் திறந்ததும் மூன்று கோணக்குறிகள் திரையில் தோன்றி நம் ஆணைக்காகக் காத்திருக்கின்றன அல்லவா? அதுவே இத்தகைய சூழலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டின் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் 2019-ஆம் ஆண்டில் இடம்பெற்றது. மதுரை நகரத்துப் பள்ளிகளில் மட்டுமன்றி, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி எனச் சுற்றியுள்ள ஊர்களின் தமிழ்வழி மாணவர்களும் அந்த மூன்று கோணக்குறிகளின் முன் அமரத் தொடங்கினார்கள்.

கேட்டதும் விடை கிடைப்பது இச்சூழலின் பெருஞ்சிறப்பு. ஆயினும் ஒரு கேள்வியை மாணவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. ‘நான் இப்போது பயன்படுத்தும் செயற்கூறு எந்தத் தொகுதியிலிருந்து வந்தது?’ என்பதே அக்கேள்வி. குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்து தரும் ஆணைகளின் கட்டுக்குச் செயற்கூறு என்று பெயர். இத்தகைய செயற்கூறுகள் பலவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் அது தொகுதி; மாட்யூல் என்றும் வழங்குவர். கேள்வி சிறியதாகத் தோன்றலாம். அதைக் கேட்காமல் விட்டால் என்ன நேரும், கேட்பவருக்கு மொழியும் பாடநூலும் எந்த அளவுக்குத் துணைநிற்கின்றன என்பவற்றை இங்கே ஆராய்வோம். ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டிய சொற்களை ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளோம்.

ஒரு சிறு சோதனை

பைத்தானில் ‘பவ்’ என்றொரு செயற்கூறு உண்டு. ஆங்கிலத்தில் பி, ஓ, டபிள்யூ என்னும் மூன்று எழுத்துகள். ஓர் எண்ணின் அடுக்கைக் கணிப்பது அதன் வேலை. புதிதாகத் திறந்த சூழலில் பவ்(2, 3) என்று கேட்டால் 8 என்று விடை வரும். பவ்(3, 40) என்று கேட்டால் 12157665459056928801 என இருபது இலக்கங்களும் பிழையின்றி வரும். பவ்(7, 2, 5) என மூன்று எண்களைக் கொடுத்தால், 7-இன் வர்க்கமாகிய 49-ஐ 5-ஆல் வகுத்து, மீதி 4 என்று சொல்லும்.

இப்பொழுது நமக்கு ஒரு வர்க்கமூலம் தேவைப்படுகிறது என்று கொள்வோம். ‘ஃப்ரம் மேத் இம்போர்ட்’ என்று எழுதி, அதன்பின் ஓர் உடுக்குறி இடுகிறோம். ‘மேத் என்னும் கணிதத் தொகுதியில் உள்ளவற்றையெல்லாம் இங்கே கொண்டுவந்து இறக்கு’ என்பது இவ்வாணையின் பொருள். திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றுவதில்லை. மூன்று கோணக்குறிகள் முன்போலவே காத்திருக்கின்றன.

முன்னர்க் கேட்ட கேள்விகளையே மறுபடியும் கேட்டுப் பார்ப்போம். பவ்(2, 3) என்றால் இம்முறை 8.0 என்று வருகிறது. பவ்(3, 40) என்றால் 1.2157665459056929 என்பதைப் பத்தின் 19-ஆம் அடுக்கால் பெருக்கிய தோராய விடையே கிடைக்கிறது. அதை முழு எண்ணாக மாற்றி முந்திய விடையோடு ஒப்பிட்டால் 33 குறைகிறது! பவ்(7, 2, 5) என்றாலோ விடையே இல்லை. ‘இரண்டு மதிப்புகள் தர வேண்டிய இடத்தில் மூன்று தந்திருக்கிறீர்கள்’ என்ற பொருள்படும் பிழைச்செய்திதான் வருகிறது.

காரணம் எளியது. மேத் தொகுதியிலும் ‘பவ்’ என்ற பெயரில் வேறொரு செயற்கூறு இருக்கிறது. அது தனக்குத் தரப்படும் எண்களைத் தசமப்புள்ளி எண்களாக மாற்றிக்கொண்டே கணக்கிடும். அவ்வகை எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்கள் வரைதான் நுட்பம் நிற்கும். அதற்கு மேற்பட்டவை தோராயமாகிவிடும். உடுக்குறியிட்ட ஆணை இந்தப் ‘பவ்’வையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. பழைய ‘பவ்’ அழியவில்லை. புதியது அதன் முன்னே நின்று மறைத்துக்கொண்டது.

தலைப்பெழுத்தின் பயன்

மதுரை வட்டாரத்தில் ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பிரித்தால், ஒரே வகுப்பில் இரண்டு மீனாட்சிகளும் மூன்று பாண்டிகளும் இருப்பது வியப்பன்று. ஆசிரியர் இதனால் குழம்புவதில்லை. ‘க. மீனாட்சி’ என்றால் ஒருத்தி, ‘சு. மீனாட்சி’ என்றால் இன்னொருத்தி. பெயருக்கு முன் நிற்கும் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் அவள் யார் வீட்டுப் பெண் என்பதைச் சொல்லிவிடுகின்றன.

நிரல் மொழியிலும் இதே ஏற்பாடு உண்டு. ‘இம்போர்ட் மேத்’ என்று மட்டும் எழுதினால், அத்தொகுதியின் செயற்கூறுகள் ‘மேத்.பவ்’ என்பதுபோலத் தலைப்பெழுத்தோடுதான் வழங்கும். வெறும் ‘பவ்’ என்பது பழைய ‘பவ்’வையே குறிக்கும். இரண்டும் அருகருகே இருக்கலாம், குழப்பத்துக்கு இடமில்லை. உடுக்குறியிட்ட ஆணையோ வருகிற எல்லோருடைய தலைப்பெழுத்தையும் வாசலிலேயே நீக்கிவிடுகிறது. ஒரே பெயருடைய இருவர் இருந்தால், பின்னால் வந்தவர் முன்னவரின் இருக்கையில் அமர்ந்துகொள்கிறார்.

பாடநூல் எங்கே நிற்கிறது?

2019-ஆம் ஆண்டில் வெளிவந்த மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பாடநூலைக் குறை கூறுமுன் அதன் நிறையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பெயரைக் கணிப்பொறி எந்த வரிசையில் தேடுகிறது என்பதை அது மூன்றாம் பாடத்திலேயே விளக்குகிறது. முதலில் செயற்கூற்றின் உட்பகுதி. அடுத்து அதைச் சூழ்ந்துள்ள செயற்கூறு. பிறகு நிரலின் பொதுவெளி. இறுதியாக மொழியோடு உடன்பிறந்த பெயர்களின் இருப்பு. இந்த நான்கு படிகளைப் பள்ளிப் பருவத்திலேயே கற்பிப்பது பாராட்டுக்குரியது. ‘பவ்’ மாற்றத்துக்குரிய விளக்கமும் இதில்தான் இருக்கிறது. பழைய ‘பவ்’ நான்காம் படியில் இருப்பது. உடுக்குறி கொண்டுவந்த ‘பவ்’ மூன்றாம் படியில் அமர்ந்தது. தேடல் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுவதால் நான்காம் படியை எட்டுவதில்லை.

ஆனால் ‘பவ்’ என்னும் செயற்கூறு மாணவருக்கு அறிமுகமாவது ஏழாம் பாடத்தில். கணிதச் செயற்கூறுகளுக்கு மேத் தொகுதியை முன்னரே கொண்டுவர வேண்டும் என்ற குறிப்பும் அங்கே உண்டு. தொகுதிகளையும் இறக்குமதியையும் விரிவாகப் பேசுவது பதினான்காம் பாடம். விதி ஓரிடத்தில், எடுத்துக்காட்டு ஓரிடத்தில், கருவி ஓரிடத்தில் என்று மூன்றும் மூன்று அறைகளில் கிடக்கின்றன. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும் கதவுதான் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்னும் கேள்வி. அந்தக் கதவைத் திறந்துவிடும் பொறுப்பு ஆசிரியரின் தலையில் விழுகிறது. நேரமில்லாத ஆசிரியரிடம் படிப்பவருக்கு மூன்றாம் பாடம் ஐந்து மதிப்பெண் வினாவுக்குரிய நெட்டுருவாகவே நின்றுவிடுகிறது. ‘பவ்’ ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரே ஒரு பக்கம் சேர்த்திருந்தால், மூன்று பாடங்களும் ஒன்றாக இணைந்திருக்கும்.

கேட்கும் வழிகள்

பைத்தான் சூழலில் இக்கேள்வியைக் கேட்க வழியில்லாமல் இல்லை. அடைப்புக்குறி இல்லாமல் ‘பவ்’ என்று மட்டும் தட்டுவது முதலில் தோன்றும் வழி. ஆனால் பழைய ‘பவ்’வானாலும் புதிய ‘பவ்’வானாலும் ‘பில்ட்-இன் செயற்கூறு பவ்’ என்ற ஒரே விடைதான் திரையில் வருகிறது. இங்கே மொழியை வடிவமைத்தோரைக் குறை சொல்லத்தான் வேண்டும். ‘பில்ட்-இன்’ என்னும் சொல்லை அவர்கள் இரண்டு பொருளில் ஆள்கிறார்கள். இறக்குமதி செய்யாமலே கிடைப்பது என்பது ஒரு பொருள். மாணவர் படித்திருப்பது இதனைத்தான். சி மொழியில் எழுதிச் சேர்க்கப்பட்டது என்பது மற்றொரு பொருள். திரையில் தோன்றுவது இதுதான். மேத் தொகுதியின் ‘பவ்’வும் சி மொழியில் எழுதப்பட்டதே. ஆகவே வெவ்வேறான இருவருக்கும் ஒரே அடையாளச் சீட்டு வழங்கப்படுகிறது.

‘ஹெல்ப்’ என்னும் செயற்கூற்றுக்குள் ‘பவ்’ என்பதை இட்டுக் கேட்பது நல்ல வழி. வரும் விளக்கத்தின் முதல் வரியிலேயே தொகுதியின் பெயர் இருக்கும். பழையதற்கு ‘பில்ட்இன்ஸ்’ என்றும், புதியதற்கு ‘மேத்’ என்றும் வரும். இதைவிடச் சுருக்கமான வழியும் உண்டு. ‘பவ்’ என்று எழுதி, ஒரு புள்ளி வைத்து, ‘மாட்யூல்’ என்னும் சொல்லை முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுடன் எழுத வேண்டும். விடையாகத் தொகுதியின் பெயர் மட்டும் வரும். நீங்களே அங்கு எழுதிய செயற்கூற்றைக் கேட்டால் ‘மெயின்’ என்று வரும். ‘இது உன் வீட்டுப் பிள்ளைதான்’ என்று பொருள். ‘டெல் பவ்’ என்று ஆணையிட்டால், முன்னே நின்று மறைத்த பெயர் நீங்கி, பழைய ‘பவ்’ மீண்டும் வெளிப்படும்.

இவ்வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மேத் தொகுதியிலுள்ள ‘பை’ என்பது செயற்கூறு அன்று, வெறும் எண். எண்ணுக்குப் பிறப்பிடம் ஏது? கேட்டால் பிழைச்செய்தியே வரும்.

பிறந்த இடமும் வந்த வழியும்

இன்னொரு நுட்பமும் உண்டு. மேலூர் வட்டாரத்து வயலுக்குப் பெரியாறு பிரதான வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது. இது எந்த ஊர்த் தண்ணீர்? 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, 1959 முதல் வைகை அணையில் தங்கி, பேரணையில் வாய்க்காலுக்குள் நுழைந்து வந்த நீர் அது. வாய்க்காலின் பெயரைச் சொன்னாலும் சரி, மலையின் பெயரைச் சொன்னாலும் சரி, இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குரிய விடைகள்.

செயற்கூறுகளும் அப்படித்தான். ‘ஓஎஸ்’ என்னும் தொகுதியில் ‘ஓப்பன்’ என்றொரு செயற்கூறு உள்ளது. அதன் தொகுதியைக் கேட்டால் விண்டோஸ் கணிப்பொறியில் ‘என்டி’ என்றும், லினக்ஸ் கணிப்பொறியில் ‘போசிக்ஸ்’ என்றும் விடை வருகிறது. ‘நான் ஓஎஸ் தொகுதியைத்தானே கேட்டேன்?’ என்று மாணவர் திகைக்க வேண்டியதில்லை. அந்தந்த இயக்க முறைமைக்கென எழுதப்பட்ட உள்தொகுதியில் அது பிறக்கிறது; ஓஎஸ் என்னும் வாய்க்கால் வழியே நம்மை வந்தடைகிறது. கணிப்பொறி சொல்வது பிறந்த இடத்தை. வந்த வழியை அறிய, நாம் எழுதிய இறக்குமதி வரிகளைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த ‘ஓப்பன்’ மாணவரை நேரடியாகப் பாதிக்கக்கூடியது. பாடநூலின் பதின்மூன்றாம் பாடத்தில் கோப்புகளைத் திறக்க அவர் கற்பது உடன்பிறந்த ‘ஓப்பன்’. அடுத்த பாடத்திலேயே ஓஎஸ் தொகுதி வருகிறது. ஆர்வமிகுதியால் அதை உடுக்குறியிட்டு இறக்கிவிட்டால், நேற்று வரை திறந்த கோப்பு இன்று திறக்காது. பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சி நூலே இவ்விடரைக் குறிப்பிட்டு எச்சரிக்கிறது.

பிற மொழிகள் என்ன செய்கின்றன?

ஒரே பெயர் இரண்டு இடங்களிலிருந்து வருவது எல்லா மொழிகளுக்கும் பொதுவான சிக்கல். அதை எதிர்கொள்ளும் முறையில்தான் மொழிகள் வேறுபடுகின்றன.

1990-இல் வெளியான ஹாஸ்கெல் மொழியில், ஒரே பெயருடைய இரண்டு செயற்கூறுகள் வெவ்வேறு தொகுதிகளிலிருந்து இறக்குமதியாகி, எது வேண்டும் என்று குறிக்காமல் அப்பெயரை எழுதினால், கணிப்பொறி மேலே செல்ல மறுத்துவிடும். ‘இது இன்னதாகவும் இருக்கலாம், இன்னதாகவும் இருக்கலாம், எது வேண்டும்?’ என்று இரண்டு பிறப்பிடங்களையும் காட்டும். அதன் உரையாடல் சூழலில் ‘இன்ஃபோ’ என்னும் ஆணையைக் கொடுத்தால், ஒரு பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது என்பதைச் சொல்லும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மொழி வேறொரு வழியைக் கொண்டது. அது நம்மைத் தடுப்பதில்லை, ஆனால் சொல்லிவிடுகிறது. ‘டிபிளையர்’ என்னும் தொகுப்பைச் சேர்த்தவுடன், ‘ஃபில்டர்’ முதலிய இன்னின்ன பெயர்கள் மறைக்கப்பட்டன என்று திரையில் பட்டியலிடும்.

ஒன்று தடுக்கிறது, மற்றொன்று எச்சரிக்கிறது, பைத்தானோ வாய் திறவாமல் இருந்துவிடுகிறது. தேர்ந்தவர்களுக்கு இந்த மௌனம் இடையூறு அன்று. ஆனால் முதன்முதலாகக் கற்பவர்களுக்குரிய மொழி என்று போற்றப்படும் ஒன்று, அவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடத்தில் மௌனம் காப்பது குறையே.

மாற்றுக் கருத்தையும் கேட்க வேண்டும். உரையாடல் சூழலில் விரைவே முதன்மை. ஒவ்வொரு முறையும் ‘மேத்’ என்று எழுதிக்கொண்டிருக்க முடியுமா என்பர் சிலர். தேவையான பெயரை மட்டும் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளலாம் என்பதே இதற்கு விடை. வர்க்கமூலம் வேண்டுமானால் அதை மட்டும் இறக்குக. பந்திக்கு ஒருவரை அழைக்க ஊரையே அழைக்க வேண்டியதில்லை. அவ்வாறு செய்யும்பொழுது எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது எழுதிய வரியிலேயே பதிவாகிவிடுகிறது.

தொகுதியின் பெயரும் ஏமாற்றும்

தொகுதியின் பெயரை அறிந்துவிட்டால் மட்டும் போதாது; அந்தத் தொகுதி எந்தக் கோப்பு என்பதும் முக்கியம். மாணவர் ஒருவர் தற்போக்கு எண்களைப் பற்றிய பயிற்சியை எழுதி, அதற்கு ‘ரேண்டம்’ என்றே பெயரிட்டுச் சேமிக்கிறார். பிறகு ரேண்டம் தொகுதியை இறக்குமதி செய்தால், பைத்தான் முதலில் அவருடைய கோப்பையே எடுத்துக்கொள்ளும். மொழியோடு வந்த தொகுதி கிடைக்காது. தொகுதியின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து, ‘ஃபைல்’ என்னும் சொல்லை இரட்டை அடிக்கோடுகளுக்கிடையே எழுதிக் கேட்டால், கோப்பின் முழு முகவரி வந்து உண்மை விளங்கும். 2024 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.13 பதிப்பு இந்த இடத்தில் மௌனத்தைக் கலைத்திருக்கிறது. உங்கள் கோப்பின் பெயரும் மொழியோடு வந்த தொகுதியின் பெயரும் ஒன்றாயிருக்கின்றன, பெயரை மாற்றிப் பாருங்கள் என்று பிழைச்செய்தியிலேயே சொல்கிறது. வரவேற்கத்தக்க மாற்றம் இது.

பெயர்க் குழப்பத்தைத் தீயவர்களும் பயன்படுத்துகிறார்கள். ஒன்றுபோல் தோன்றும் சொற்களை ஒப்பிட்டுக் கண்டறிய உதவும் ‘ஜெல்லிஃபிஷ்’ என்றொரு பைத்தான் தொகுப்பு உண்டு. அப்பெயரில் உள்ள ஓர் ‘எல்’ எழுத்துக்குப் பதிலாகப் பார்வைக்கு அதுபோலவே இருக்கும் பெரிய ‘ஐ’ எழுத்தை இட்டு, போலித் தொகுப்பு ஒன்றைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டனர். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அது அங்கேயே கிடந்தது. 2019 டிசம்பரில்தான் கண்டுபிடித்து நீக்கினார்கள். பயனாளரின் இரகசியத் திறவுகோல்களைத் திருடுவது அதன் வேலை. ‘இது எங்கிருந்து வந்தது?’ என்னும் கேள்வி தேர்வறைக்கு வெளியே எத்துணை வலிமையுடையது என்பதற்கு இது சான்று.

யாருக்கு இழப்பு?

நகரத்து வசதியுள்ள மாணவருக்குப் ‘பவ்’ மாறினால், வீட்டில் கேட்க ஓர் அண்ணன் இருக்கலாம்; ஆங்கில விளக்கங்களைத் தேடிப் படிக்கும் பழக்கமும் இருக்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பேருந்தேறி வந்து, தமிழில் பாடம் படித்து, வாரத்தில் சில மணி நேரம் மட்டும் கணிப்பொறியைத் தொடும் மாணவியின் நிலை வேறு. நேற்றுச் சரியாக வந்த விடை இன்று தவறாக வந்தால், அவள் மொழியை ஐயுறமாட்டாள், பாடநூலையும் ஐயுறமாட்டாள். தன் அறிவையும் தன் ஆங்கிலத்தையுமே ஐயுறுவாள். ‘கணிப்பொறி நமக்கு வராது’ என்ற முடிவுக்கு வருவதற்கு இத்தகைய இரண்டு மூன்று நாட்களே போதும். பிழை அவளுடையது அன்று. ஒரு பெயரின் தலைப்பெழுத்து அழிந்துபோனதுதான் பிழை. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆணை ஒரே வரி. அந்த ஒரு வரியை அறிந்தவளுக்கு விடைக் கையேடும் வேண்டாம், பிறர் தயவும் வேண்டாம். கணிப்பொறியையே கேட்டுத் தெளிந்துகொள்வாள்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மூன்று பரிந்துரைகள். உடுக்குறியிட்ட இறக்குமதியைப் பள்ளி ஆய்வகங்களில் அறவே தவிர்க்க வேண்டும். பைத்தான் பாடம் தொடங்கும் முதல் வாரத்திலேயே, ‘ஹெல்ப்’ கொண்டு ஒரு பெயரின் தொகுதியைக் காணும் பயிற்சியை அளிக்க வேண்டும். எதிர்பாராத விடை வந்தால், நிரலைத் திருத்துமுன் பெயரின் பிறப்பிடத்தைக் கேட்டறியும் பழக்கம் வேண்டும். பாடநூலைத் திருத்தி எழுதும் குழுவினர், ‘பவ்’வின் இரண்டு பிறப்பிடங்களையும் காட்டும் ஒரு செய்முறையை ஏழாம் பாடத்தில் சேர்ப்பார்களானால், அதைச் செய்து பார்க்க ஐந்து நிமிடமே ஆகும். ஒரு சொல் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்டறிந்த பின்னரே அதை நம்புவது அறிவியலுக்கு அடிப்படை; கணிப்பொறியின் முன்னும் அதுவே நெறி.